தப்பை விட்டுக்கொடுக்காதவர்

எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்களில் மழைக்காகக்கூட மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான். "நான் வார நேரம் பாத்து இப்படி ஊத்துது பாருங்க தங்கச்சி. கொடியில துணி போட்டிருப்பீங்க. நேத்தே வந்துட்டுப் போயிருக்கணும். என் தப்பு" என்று வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். துணியை நான் எப்போதோ எடுத்து உள்ளே போட்டிருந்தேன். அதைச் சொன்னால், "அப்ப என்னால ஒங்களுக்கு ரெண்டு வேலை" என்பார் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் தன் மேல்தான் ஏதாவது பிழை இருக்கிறது என்று சொல்லக்கூடியவர். என் வீட்டுக்காரர் ஏழுமலை வேலை பார்த்த கம்பெனியில் அவர் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். எல்லோரும் சார் என்றார்கள், நானும் சார் என்றேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நம் கையைப் பார்த்துப் பேசுவார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார். சம்சாரம் ஊரில் இருக்கிறாள் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. மண்ணூர்ப் பக்கம் கம்பெனிகள் இப்போது மாதிரி நெருக்கமாக இல்லை. ரோட்டோரம் ஒரு ஷெட், அப்புறம் நெல்லு, அப்புறம் ஏரிக்கரை, அப்புறம் இன்னொரு ஷெட். ஏழுமலையின் கம்பெனியில் தகட்டை அழுத்தி வண்டிச் சாமான்கள் செய்தார்கள். அவர் அங்கே ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாரைப் பற்றி ஒரு கதையாவது இருக்கும்.

"இன்னிக்கி தகட்ட அழுத்தற டை ஒடஞ்சிச்சி மே. ஒடச்சவன் ஜாலியா நிக்கறான். சார் வந்தாரு, 'நேத்தே நான் செக் பண்ணிருக்கணும்'னாரு. மேனேஜரு அவர திட்டிட்டுப் போய்ட்டாரு. நாங்க டீ குடிக்கப் போய்ட்டோம்."

"ஏங்க, பாவம் இல்லியா அந்த மனுசன்?"

"பாவந்தான். ஆனா அவரே வந்து வாங்கிக்கறாரே, நாங்க இன்னா பண்றது?"

ஒருமுறை சார் வந்த பஸ் சுங்குவார்சத்திரம் பக்கம் நின்றுபோனது. ஓட்டுநர் இறங்கி எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் உள்ளே நின்றபடி மற்ற பயணிகளிடம், "நாந்தான் ஸ்டாப் இல்லாத எடத்துல கைகாட்டி ஏறுனேன். அதுலதான் நின்னு போச்சு போல" என்று வருத்தம் தெரிவித்தாராம். ஏழுமலை இதை நடித்துக்காட்டியபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தக் கம்பெனியில் சக்கரம் வைத்த ஒரு டூல் பாக்ஸ் இருந்தது. கையில் தூக்கிப்போகிற பெட்டி இல்லை. இடுப்பு உயரத்துக்குக் கனத்த தகட்டில் அவர்களே வெல்டு வைத்துச் செய்தது. அறை அறையாக ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி. மேலே சாமானை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ். எந்த மெஷின் நின்றாலும் பெட்டியை அங்கே தள்ளிக்கொண்டு போவார்கள். ஆடி மாதம் அதன் பின்பக்கத்து வீல் ஒன்று பிளந்துபோனது. வேலை நிற்கிறதே என்று சார் ஸ்ரீபெரும்புதூர் கடைவீதிக்கு ஓடி, கிடைத்த நைலான் வீல் இரண்டை வாங்கிவந்து பின்னால் மாட்டினார். முன்பக்கத்து வீல்களைவிட அவை கொஞ்சம் பெரியவை. பிரேக் கிடையாது. பெட்டி முன்பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. தரையோ, கழுவிவிடும் தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்டது. பெட்டியை எங்கே நிறுத்தினாலும் வீலுக்கு முன்னால் அரைச் செங்கல் ஒன்றை வைக்க வேண்டியிருந்தது. இது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் காலை பதினோரு மணி வாக்கில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கம்பெனி வேன் வந்து நின்றது. சார் இறங்கி வந்தார். சட்டையெல்லாம் ரத்தம்.

"தங்கச்சி, ஒங்க வீட்டுக்காரர் கால நான் நசுக்கிட்டேன்" என்றார்.

இந்த வார்த்தையைத்தான் சொன்னார். பெட்டி உருண்டது என்று சொல்லவில்லை, விபத்து என்று சொல்லவில்லை. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவுரு உனக்கு இன்னாய்யா பண்ணாரு?" என்று கத்தினேன். அக்கம்பக்கத்தார் வந்து என் கையைப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை வேனில் எனக்கு எதிரே குனிந்து உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நான் கொலைகாரனாகத்தான் பார்த்துக்கொண்டு போனேன். வேன் டிரைவர்தான் பின்னால் திரும்பி, "பாக்ஸ் உருண்டு வந்து மோதிச்சிமா, சார் ஒண்ணும் பண்ணல" என்றார். சார் உடனே, "பாக்ஸுக்கு வீல் மாட்டுனது நாந்தானே" என்றார்.

ஏழுமலை மண்டியிட்டு ஒரு மெஷினின் அடிப்போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது பெட்டி உருண்டு, அவர் இடது பாதம் அதற்கும் மெஷினுக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதத்து எலும்பும் உடைந்திருந்தது.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஞாயிறு தவறாமல் சார் வந்தார். ஆரஞ்சுப் பழமோ ஹார்லிக்ஸோ வாங்கிவருவார். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கட்டுப்போட்ட காலைப் பார்ப்பார். "வலி இருக்கா?" என்பார். இருக்கிறது என்றால் அவர் முகம் சுருங்கிவிடும். இல்லை என்றால், "எனக்காகச் சொல்லுதீக" என்பார். நான் காபி கொடுத்து, "உடுங்க சார், நடக்கணும்னு இருந்துச்சி, நடந்துச்சி. உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்பேன். ஒவ்வொரு வாரமும் இதையே சொல்ல வேண்டியிருந்தது. கால்விரலைப் பறிகொடுத்தவரைத் தேற்ற வேண்டிய நேரத்தில், வந்து உட்கார்ந்தவரை நான் தேற்றிக்கொண்டிருந்தேன். அவர் போனதும் வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி இருக்கும். பின்னாட்களில் தெருமுனையில் அவர் தலை தெரிந்ததுமே ஏழுமலை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். "தூங்கறேன்னு சொல்லு மே."

சார் அப்போதும் போக மாட்டார். தூங்குகிறவரின் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படி அவர் வந்து போன ஒரு மத்தியானம், ஆரஞ்சை உரித்து நீட்டினேன். ஏழுமலை என் கையைத் தள்ளிவிட்டார்.

"வேணா மே. அத தின்ன முடியல என்னால."

"ஏன், புளிக்குதா?"

சுவர்ப்பக்கம் திரும்பினார். பிறகு, "கல்ல எடுத்தது நாந்தான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த அரைக்கல்லு. மண்டி போட்டப்ப முட்டிக்கு இடிச்சிகினே இருந்துச்சி. கோவத்துல எட்டி ஒதச்சிட்டேன். பாக்ஸ் கொஞ்ச நேரம் அப்டியே நின்னுச்சி. சரி, நிக்குதுன்னு நெனச்சேன்."

"சாராண்ட சொல்லலியா நீங்க?"

"ஆஸ்பத்திரில கண்ணத் தொறந்தா, அவரு மேனேஜராண்ட 'எல்லாம் என் தப்பு'ன்னு கைகட்டிகினு நிக்கறாரு. அப்ப எனக்குப் பேசவே வரல. அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். ஒவ்வொரு வாரமும் வந்து அப்டி ஒக்காந்தா எப்டி மே சொல்றது? நாள் ஆவ ஆவ வாயே தொறக்க மாட்டேங்குது."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவருக்குக் காலையிலிருந்து முகம் கறுத்துவிடும். ஒருவர் குற்றத்தைச் சுமந்துகொண்டு வருகிறார். இன்னொருவர் அதே குற்றத்தைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். நடுவில் நான் காபி டம்ளரோடு நின்றேன்.

புரட்டாசியில் கட்டுப் பிரித்து, ஏழுமலை கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்த சமயம் சார் வந்து புது விஷயம் ஒன்றைச் சொன்னார். விபத்து நடந்த நாளிலிருந்து அந்தப் பெட்டியைக் கவிழ்த்து ஒரு மூலையில் போட்டிருக்கிறார்கள். நாலு வீலையும் மாற்றி ஓட விடு என்று மேனேஜர் சத்தம் போடுகிறார். வீல் வாங்க மெட்ராஸ் பிராட்வே வரைக்கும் போய், வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார் சார்.

"எந்த வீலக் கையில எடுத்தாலும், இது யாரு காலுல ஏறுமோன்னு தோணுது ஏழுமலை. எனக்கு எடுக்க முடியல. நீ கூட வாரியா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். "வரேன் சார்" என்றார்.

கோலோடு தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கிளம்பினேன். சனிக்கிழமை காலை பஸ். பஸ்ஸில் சார் ஏழுமலைக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, வெயில் அந்தப் பக்கம் அடித்ததற்கு வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

கடை, பிராட்வேயை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. தரையிலிருந்து கூரை வரைக்கும் வீல்கள்தான். பூரி அளவில் இருந்து தோசைக்கல் அளவு வரை. கடைக்காரர் ஒரு பாய். சார் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். பெட்டியின் அடித்தகட்டில் போல்ட் ஓட்டைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அதில் வரைந்து வெட்டியிருந்தார்.

"இன்னா வெயிட்டு சார்?" என்று பாய் கேட்டார்.

சார் சொன்னார்.

"நாலு வீலு இருக்குதேன்னு நாலா பங்கு போட்டுடாதீங்க. தரை மேடு பள்ளமா இருந்தா ஒரு வீலு அந்தரத்துல நிக்கும். மூணா பங்கு போட்டு எடுங்க. தரையில ஆயில் இருக்குமா?"

"ஆயிலும் இருக்கும், இரும்புத் துருவலும் இருக்கும்."

"அப்ப ரப்பரு வேணாம். ஆயில்ல ஊறி உப்பிடும், துருவலு குத்திக்கும். இரும்பு வீலு போட்டா தரைய ஒடச்சிடும். நைலான் எடுங்க."

நைலான் என்ற சொல்லைக் கேட்டதும் சார் ஒரு அடி பின்னால் போனார். "வேண்டாம். அதுதான் உருண்டுச்சு. வேற என்ன இருக்கு? நாலு வீலுக்கும் பிரேக் வச்ச மாதிரி, உருளவே உருளாத மாதிரி இருக்கா?"

"உருளாத வீலா?" என்று பாய் சிரித்தார். "அதுக்கு எதுக்கு சார் வீலு?"

ஏழுமலை ஒரு வெள்ளை நைலான் வீலை எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சுற்றிவிட்டார். அது சத்தமில்லாமல் சுற்றியது. அதைப் பார்த்தபடியே, "நைலானு தப்பு பண்ணல சார்" என்றார்.

"அது என்ன பண்ணும்? வாங்கி மாட்டுனவன் நாந்தானே."

"நீங்களும் பண்ணல. கல்ல நாந்தான் எட்டி ஒதச்சேன். முட்டிக்கு இடிச்சிச்சின்னு ஒதச்சிட்டேன். அப்பறம்தான் உருண்டுச்சி. இத்தினி நாளா உங்களாண்ட சொல்லல."

சார் கோபப்படுவார், அல்லது அழுவார் என்று நினைத்தேன். அவர் ஏழுமலையின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நான் மனசு ஒடஞ்சி கெடக்கேன்னு நீ இப்படிச் சொல்லுத. தெரியுது."

"இல்ல சார், நெசமா."

"சரி, நெசமாவே இருக்கட்டும். பிரேக் வச்ச வீல் மாட்டியிருந்தா கல்லு எதுக்கு? கல்லே இல்லன்னா நீ எத ஒதச்சிருப்ப? சுத்திச் சுத்தி எங்கிட்டதான் வருது."

"கல்லு இருந்துச்சி சார். அது எதுக்கு இருக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் ஒதச்சேன்."

"வேலை அவசரம் அப்படி. அவசரப்படுத்துனது யாரு? நான்."

ஓட்டலில் பில்லுக்கு அடித்துக்கொள்கிறவர்களைப் பார்ப்பது போலப் பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சார் விடவே இல்லை. ஏழுமலை எதைச் சொன்னாலும் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திடீரென்று ஏழுமலை கையிலிருந்த வீலை மேஜை மேல் டொம்மென்று வைத்தார். சாரிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ரெண்டு வெரலு போய்ட்ச்சி சார் எனக்கு. தப்பாவது என்னுதா இருக்கட்டுமே. அதையும் நீங்களே எடுத்துகினா எனக்கு இன்னா சார் மிச்சம்?"

முதன்முறையாகச் சார் ஏழுமலையின் முகத்தைப் பார்த்தார். கையை இல்லை, காலை இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, தான் வெட்டிக்கொண்டுவந்த அட்டையை அவரிடம் நீட்டினார்.

"அப்ப நீயே எடு."

ஏழுமலைக்குமே இதில் பெரிய ஞானம் ஒன்றும் கிடையாது. பாயைக் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தார். நாலும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். முன்பக்கத்துக்கு, திரும்பாத நேர் வீல் இரண்டு. தள்ளுகிறவன் நிற்கிற பக்கம் திரும்புகிற வீல் இரண்டு, அவற்றில் மட்டும் பிரேக். "நாலுலயும் பிரேக் வச்சா சுத்தி வந்து எவனும் மிதிக்க மாட்டான் சார்" என்றார். பாய் மூன்று வகை பிரேக் வீல்களைத் தரையில் வைத்தார். ஏழுமலை செருப்பைக் கழற்றினார். கோலை என்னிடம் கொடுத்தார். விரல் போன அந்த இடது காலால் ஒவ்வொரு பிரேக்கையும் மிதித்துப் பார்த்தார். முதலாவது இறங்கவில்லை. இரண்டாவதை மிதித்தபோது வலியில் பல்லைக் கடித்தார். மூன்றாவது டக்கென்று விழுந்தது. கட்டைவிரலால் நெம்பினால் எழுந்தது.

"இத குடுங்க பாய். இந்தக் காலே மிதிக்குதுன்னா எல்லாரும் மிதிப்பாங்க."

சார் திரும்பி நின்றுகொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்புகிற பஸ்ஸில் வீல்கள் இருந்த சாக்குப்பையைச் சார் மடியில் வைத்திருந்தார். பூந்தமல்லி தாண்டியதும், நாங்கள் எதுவும் கேட்காமலே சொன்னார்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. ரெண்டு வயசு. இந்த ஊருக்கு வந்த மொத வருசமே காய்ச்சல்ல போயிட்டா. அவ அம்மையும் ஊருக்குப் போயிட்டா. நாந்தான் ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்தேன்."

ஏழுமலை மெதுவாக, "காய்ச்சலுக்கு நீங்க இன்னா சார் பண்ணுவீங்க?" என்றார்.

"யாருமே தப்பு பண்ணலன்னா, அப்ப எம்பொண்ணு சும்மாவா போனா?"

அவர் அதை எங்களைக் கேட்கவில்லை. இத்தனை நாள் அவரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் அந்த பஸ்ஸில் எனக்கு நினைவுக்கு வந்தது.

தீபாவளி கழிந்து ஏழுமலை வேலைக்குப் போனார். வீல்களை அவரே மாட்டினார். சார் ஞாயிற்றுக்கிழமை வருவது நின்றது. வேலையில்தான் தினம் பார்க்கிறோமே என்றாராம். அப்புறம் மார்கழியில் ஒருநாள் திடீரென்று வந்தார். பின்னால் ஒரு பெண் நின்றாள். நல்ல உயரம், முகத்தில் பவுடர்கூட இல்லை. "என் வீட்டுல. கொஞ்ச நாள் இருந்து பாக்கட்டுமேன்னு கூட்டிட்டு வந்தேன்" என்றார். அதையும் ஏதோ மன்னிப்புப் போலவே சொன்னார்.

பாயை விரித்து உட்கார வைத்தேன். இருவருக்கும் காபி கொடுத்தேன். பேச்சுக்கு வழி தேடி ஏழுமலைதான் ஆரம்பித்தார்.

"பாக்ஸ்ல முன் வீலு ஒண்ணு ஆடுதாமே சார்? பசங்க சொன்னாங்க."

"ஆமா. நட்டு லூசா இருக்கு." சார் நிறுத்தினார். வழக்கமாக அடுத்து வருகிற சொல் எனக்கும் தெரியும், ஏழுமலைக்கும் தெரியும். அது அவர் உதட்டுக்கு வந்ததைக்கூடப் பார்த்தேன். அதை விழுங்கினார். "நீதானே மாட்டுன?"

"நாந்தான் சார்."

"சரியா முறுக்கல நீ." மறுபடி நிறுத்தினார். பழக்கமில்லாத பாஷையைப் பேசுகிறவர் போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "ஒன் தப்புதான்."

"ஆமா சார். என் தப்புதான்" என்றார் ஏழுமலை. பரிசு வாங்கின மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குள் போனாள். நான் பயந்துபோய்ப் பின்னாலேயே போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னா ஆச்சிங்க?"

"கல்யாணமான நாள்லேருந்து அவுக வாயில 'ஒன் தப்பு'ங்கிற வார்த்தைய நான் கேட்டதில்ல. யாரப் பாத்தும் சொன்னதில்ல" என்றாள். குரல் தணிந்துவிட்டது. "புள்ளைக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னைக்கு, ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போலாம்னு சொன்னது நான். அவுக கெளம்பி நின்னாவ. நாந்தான் வேண்டாம்னுட்டேன். எல்லாம் முடிஞ்ச பெறவு, 'என் தப்பு, என் தப்பு'ன்னு அவுகளே சொல்லிக்கிட்டுக் கெடந்தாவ. என்னைய ஒரு வார்த்தை திட்டல. ஒரே ஒரு வார்த்தை திட்டியிருந்தா நான் கூடவே இருந்து அழுதிருப்பேன். அவுக பக்கத்துல எனக்கு அழக்கூட எடம் இல்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே சாரின் குரல் கேட்டது. "இருந்தாலும் ஏழுமலை, நானும் ஒரு வாஷர் வாங்கிக் குடுத்திருக்கலாம். யோசிச்சுப் பாத்தா அதுல என் தப்பும்..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போனாள்.

"என்னங்க," என்றாள். "அது அந்த அண்ணன் தப்பு. விடுங்க."

சார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் நகரவில்லை.

"அதேமாரி என்னுதையும் என்கிட்ட குடுத்துருங்க" என்றாள்.

ஏழுமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை; என் முகத்தைப் பார்த்தார். நான் சும்மா இருக்கும்படி கண்காட்டினேன். சாருக்கு விளங்கிவிட்டது. எப்போதும் சொல்கிற அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவாரோ என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லவில்லை. பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.